நாய் கடித்த காயம் ஆறும் வரை: வீட்டில் பார்ப்பதா, கட்டுக்குப் போய்வருவதா, அட்மிட் ஆவதா?

நாய் குதறிய காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். குழப்பம் ஆரம்பிப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். இனி கட்டை நாமே மாற்றிக்கொள்ளலாமா? தினமும் கிளினிக்குக்கு அலைய வேண்டுமா? இரண்டு நாள் தங்கச் சொன்னபோது வேண்டாம் என்று வந்துவிட்டோமே, அது சரியா? தெரிந்தவருக்குத் தையல் போட்டார்கள், நமக்கு மட்டும் ஏன் திறந்தே விட்டிருக்கிறார்கள்?

பலரும் காயத்தின் அளவைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்கிறார்கள். ஆனால் கன்னத்தில் நீளமாகக் கிழிந்த காயத்தை நன்றாகக் கழுவித் தைத்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் ஆறிவிடும். விரல் மூட்டின் மேல் மிளகு அளவுக்கு இருக்கும் பல் துளையோ இரண்டாம் நாளே விரலை முடக்கிவிடக்கூடும். வாசலில் ரத்தம் வழிந்த காயம் பயமுறுத்தும். பயப்பட வேண்டிய காயத்தில் சில சமயம் ரத்தமே வந்திருக்காது. முதல் மூன்று நாளில் தொற்று தலைகாட்டினால், அதை உடனே கண்டுபிடிக்கக்கூடியவர் யார், அவர் கண்ணில் அது படுமா? எந்த வழி என்பதை இந்தக் கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள்.

## எந்த வழியிலும் விட முடியாத மூன்று

இவற்றில் தேர்வுக்கே இடமில்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

கழுவுதல். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழு 15 நிமிடம். மேலாக நனைப்பது போதாது. துளைக்குள்ளும் தண்ணீர் போக வேண்டும். அதன்பின் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. கடித்த உடனே செய்யவில்லை என்றால் சில மணி நேரம் கழித்தாவது செய்யுங்கள். பொடி, எண்ணெய், இலைச்சாறு எதையும் காயத்தில் வைக்காதீர்கள். அவை திசுவைப் புண்ணாக்கும், அழுக்கை உள்ளே பூட்டிவிடும்.

ரேபிஸ். தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடி உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை எதிர்க்கத் தயார்நிலையில் உள்ள எதிர்ப்பொருள், செலுத்த வேண்டும். மனித வகையென்றால் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரை வகையென்றால் 40 யூனிட் என்பது உச்ச அளவு. தடுப்பூசி வேலை செய்ய ஏழு நாளாவது ஆகும் என்பதால் அந்த இடைவெளியை இது அடைக்கிறது. முதல் நாளே போட முடியாமல் போயிருந்தால், முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு பயனில்லை. தசையில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 14 ஆகிய நாட்களில் வரும், சில அட்டவணைகளில் 28-ஆம் நாளும் உண்டு. தோலுக்குள் போடும் முறைக்கு நாட்கள் வேறு. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. ஊசி மேற்கையில் போடப்படும், சிறு குழந்தைக்குத் தொடையின் முன்பக்கம். பிட்டத்தில் போடக் கூடாது. கடித்தது வீட்டு நாய் என்றால் பத்து நாள் கண்காணிக்கலாம். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுக் கண்காணியுங்கள். பத்தாம் நாளும் நாய் நலமாக இருந்தால் மீதி ஊசிகளை நிறுத்தலாமா என்று மருத்துவர் சொல்வார்.

டெட்டனஸ். கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால், இப்படி அழுக்கான காயத்துக்கு மறுபடியும் தேவை. மூன்று தவணை எப்போதுமே முடிக்காதவருக்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடுவார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

இடம். கையும் காலடியும்தான் மோசமான இடங்கள். கையில் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு, உடனேயே தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மூட்டும் வந்துவிடும். கை முஷ்டியாக இருந்தபோது பல் இறங்கியிருந்தால், விரலை நீட்டும்போது தசைநாணில் பட்ட ஓட்டை தோலில் உள்ள ஓட்டையை விட்டு நகர்ந்துபோகிறது. கிருமி உள்ளே சிக்கிக்கொள்ள, மேலே தோல் மூடிக்கொள்ளும். முகத்திலும் தலையிலும் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் தொற்று குறைவு. அங்கே தழும்பும், குழந்தையாக இருந்தால் மண்டையோடும்தான் கவலை. மூட்டுக்கு அருகே, பிறப்புறுப்பில், செயற்கை மூட்டு வைத்த இடத்துக்கு மேலே விழுந்த கடிகளையும் கைக்கடி மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆழமும் நசுக்கலும். நாயின் பல் கிழிப்பதோடு நிற்பதில்லை, தாடை நசுக்கவும் செய்கிறது. நசுங்கிய தசைக்கு ரத்தம் போகாது. மாத்திரையும் ரத்தத்தோடுதானே போகும்? அதனால் செத்த திசுவை வெட்டி எடுக்காமல் எவ்வளவு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் தொற்று அடங்காது.

உடம்பு. கட்டுப்படாத சர்க்கரை நோய், கல்லீரல் நோய், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து, தினசரி மது, கடிபட்ட கையிலோ காலிலோ ஏற்கெனவே இருக்கும் நாட்பட்ட வீக்கம் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது மண்ணீரல் எடுக்கப்பட்டிருப்பது. காரணம் கீழே வரும்.

நேரம். கடித்து ஆறெட்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கழுவிய காயத்தில் கிருமி அதற்குள் பெருகத் தொடங்கியிருக்கும்.

ஆளும் தூரமும். காயத்தைத் தினமும் உற்றுப்பார்க்க இன்னொருவர் இருக்கிறாரா? நடுராத்திரி காய்ச்சல் அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய்ச்சேர முடியுமா? இந்த இரண்டையும் நோயாளியிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நீங்களாகவே சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வீட்டில் | கட்டுக்குப் போய்வருவது | அட்மிஷன் |
|---|---|---|---|
| பொருந்தும் காயம் | ஆழமில்லாத கிழிசல், சிராய்ப்பு, முகம், மேற்கை, தொடை | கை, காலடி, ஆழத் துளை, திறந்தே விட்ட காயம், தைத்த காயம் | மூட்டு, எலும்பு, தசைநாண் பட்டது, பரவும் தொற்று, பெரிய சதை இழப்பு |
| பொருந்தும் உடம்பு | வேறு நோய் இல்லாதவர் | சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர், முதியவர் | எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், வாந்தியால் மாத்திரை தங்காதவர் |
| ஆன்டிபயாடிக் | பல சமயம் தேவைப்படாது | பெரும்பாலும் 3–5 நாள் மாத்திரை | நரம்பு வழி ஊசி, பிறகு மாத்திரை |
| தொற்றைக் கண்டுபிடிப்பவர் | நீங்களும் வீட்டிலுள்ளவரும் | நர்ஸ், மருத்துவர், இடைநாளில் நீங்கள் | சுற்றுக்கு வரும் மருத்துவக் குழு |
| வெளியில் தெரியாத செலவு | ஒருவருடைய முழு கவனம் | பயணம், வேலைநாள், தொங்கவிட்ட கையின் வீக்கம் | விறைத்துப்போகும் மூட்டு, ஊசிக்குழாய்த் தொற்று, கூட இருப்பவரின் நாட்கள் |
| சறுக்கும் இடம் | "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" | கட்டு மாறும், காயத்தை மருத்துவர் பார்த்திருக்க மாட்டார் | வீடு திரும்பிய பின் தொடர்ச்சி விட்டுப்போவது |

## வழி 1: வீட்டில் பார்த்துக்கொள்வது

மேலோட்டமான காயத்துக்கு இதுவே போதும், நல்லதும்கூட. ஆனால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவதை இது ரத்து செய்யாது. மற்ற நாட்களில் மட்டும்தான் பொறுப்பு உங்கள் கையில்.

முதல் கட்டை 24 மணி நேரம் தொடாமல் விடலாம். ரத்தமோ நீரோ ஊறி வெளியே வந்தால் மட்டும் முன்னதாகப் பிரியுங்கள். பிறகு தினம் ஒருமுறை இப்படி:

1. அரைமணி நேரம் முன்பாகக் காய்ச்சல் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன்பின் வலி மாத்திரை போடுங்கள். வரிசை மாறக் கூடாது. பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும்.
2. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுங்கள். இழுத்தால் புதிதாக வளர்ந்த திசு அதோடு வந்துவிடும்.
3. குடிக்கத் தகுந்த ஓடும் தண்ணீரிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ கழுவுங்கள். உப்புநீர்தான் வேண்டும் என்றால் கொதித்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது மட்டம் தட்டிய ஒன்றரை தேக்கரண்டி. மூடிவைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் தினசரி வேண்டாம். கிருமியோடு புதுத் திசுவையும் அவை கொன்றுவிடும்.
4. சுற்றியுள்ள தோலை ஒற்றித் துடையுங்கள். ஆழமில்லாத காயத்தில் மெல்லிய பூச்சாகக் களிம்பு, அதன்மேல் ஒட்டாத பட்டை, அதன்மேல் காஸ் துணி.
5. விரல் நுனிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டைச் சுற்றுங்கள். முடித்ததும் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் மரத்தாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் கையையோ காலையோ நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது மாத்திரை அளவுக்கு முக்கியம். வீங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், கிருமிக்கு அது வசதி. கையைக் கழுத்துப் பட்டியில் தொங்கவிடுவது நடமாடும்போது மட்டும் சரி. படுக்கும்போது தலையணைகளை அடுக்கி அதன்மேல் வையுங்கள்.

### கண்காணிப்பை எப்படிச் செய்வது

சிவந்த பகுதியின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் மணியும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நேற்றைவிட அதிகமா குறைவா என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கோடு சொல்லிவிடும். தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் எடுங்கள்.

நம்மைப் போல் மாநிறத்திலும் கறுப்பிலும் தோல் இருப்பவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. கறுத்தோ ஊதா கலந்தோ தெரியும், சில சமயம் நிறமே மாறாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையைக் காயத்துக்கு அருகிலும், பிறகு மறு கையின் அதே இடத்திலும் வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். தோல் பளபளவென்று இழுத்துப்பிடித்தாற்போல் இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கெட்டிப்பின் ஓரத்திலேயே பேனாக் கோட்டைப் போடலாம்.

எது இயல்பு: முதல் 48 மணி நேர வீக்கம், ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு, லேசாக ரத்தம் கலந்த தண்ணீர் போன்ற கசிவு. கன்றிய நிறம் மஞ்சளும் பச்சையுமாகக் கீழ்நோக்கி இறங்குவதும் இயல்புதான். வலி முதல் நாள் உச்சத்தில் இருந்து படிப்படியாகக் குறைய வேண்டும்.

எது இயல்பில்லை: குறைந்துவந்த வலி திரும்ப ஏறுவது. என் பார்வையில் நம்பத்தகுந்த முதல் அறிகுறி இதுதான், பல சமயம் சீழுக்கும் காய்ச்சலுக்கும் முன்பே வந்துவிடும். விண்விண் என்று தெறித்துத் தூக்கத்தைக் கெடுத்தால் காத்திருக்காதீர்கள். கோட்டைத் தாண்டும் சிவப்பு, சீழ், நாற்றம், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கீற்று, அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், குளிர் நடுக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவர்.

### எந்த நாளில் என்ன வரும்

நாயின் வாயிலிருந்து வரும் பாஸ்டுரெல்லா கிருமி அவசரக்காரன். கடித்த 12 முதல் 24 மணி நேரத்தில் கடும் வலியும் வீக்கமுமாக வரும். மாலையில் கடித்து மறுநாள் காலையிலேயே கை வீங்கித் தெறித்தால் அடிபட்ட வீக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சற்று நிதானித்து இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும். காற்றில்லாமல் வளரும் கிருமிகள் ஆழத் துளைக்குள் நாற்றமடிக்கும் சீழைச் சேர்க்கும்.

கேப்னோசைட்டோஃபேகா வேறு ரகம். அரிதுதான், ஆனால் மண்ணீரல் இல்லாதவர், கல்லீரல் கெட்டவர், அதிகம் குடிப்பவர் உடம்பில் அது நேரே ரத்தத்தில் கலந்துவிடும். காயம் பார்வைக்குச் சாதுவாக, ஏறக்குறைய ஆறியே இருக்கும். காய்ச்சல், வாந்தி, குழப்பம், தோலில் ஊதாப் புள்ளிகள் என்று ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் வரை கழித்துக்கூட வரும். காயம் ஆறிவிட்டதால் நாய் கடித்ததையே யாரும் மருத்துவரிடம் சொல்ல மாட்டார்கள். இந்த வகையினர் இரண்டு வாரத்துக்குள் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் முதல் வாக்கியமாக "நாய் கடித்தது, மண்ணீரல் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

### இந்த வழியின் செலவு

வீட்டுப் பராமரிப்பு இலவசம் என்று தோன்றும். உண்மையில் ஒரு மனிதரின் ஒரு வார கவனத்தை அது எடுத்துக்கொள்ளும். கையில் கடிபட்டவரால் ஒற்றைக் கையால் தன் கட்டைத் தானே ஒழுங்காக மாற்ற முடியாது. தனியாக இருப்பவர்களும், பார்வை மங்கியவர்களும், சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்களும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். எச்சரிக்கும் வலியே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

## வழி 2: கட்டுக்குப் போய்வருவது

கடுமையான கடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்ற வழி. கையில், காலடியில், ஆழமாகப் பல் இறங்கிய கடியை வேறு நோய் இல்லாதவர்கூட இந்த வழியில்தான் தொடங்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முதல் வருகை, பிறகு தொற்று அடங்கியது உறுதியாகும் வரை நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள்.

வீட்டில் செய்ய முடியாததை இங்கே செய்வார்கள்: செத்த ஓரங்களை வெட்டி எடுப்பது, சீழ் தங்கியிருக்கிறதா என்று துளைக்குள் பார்ப்பது, தையல் இறுகியிருந்தால் ஒன்றிரண்டைப் பிரித்துவிடுவது, தசைநாணை அசைத்துச் சோதிப்பது. ஆனால் கட்டு மாற்றும் அறையில் வரிசையில் நின்று, பிரித்து, புதிது கட்டி, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவதும் நடக்கும். அப்படியானால் நீங்கள் அலைந்தது வீண். கட்டைப் பிரித்தவுடன், மூடுவதற்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பார்த்தால் நேற்று எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் எடுத்த படங்களையும் காய்ச்சல் குறிப்பையும் காட்டுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பயணத்தில் இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் வண்டியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் உயர்த்தி வைத்த பலன் போய்விடும். தூரம் அதிகமென்றால் முதல் மூன்று நாள் மருத்துவமனைக்கு அருகில் தங்குவதோ, இடைநாள் கட்டுக்கு அருகிலுள்ள நர்ஸை வைத்துக்கொள்வதோ நல்லது.

ஆன்டிபயாடிக் மாத்திரை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தொற்று வருமுன் கொடுப்பது எல்லாக் கடிக்கும் தேவையில்லை. கை, காலடி, முகம், பிறப்புறுப்பு, மூட்டுக்கு அருகே, ஆழத் துளை, நசுக்கல், தைத்த காயம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் வழக்கமாக அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 3 முதல் 5 நாள். பென்சிலின் ஒவ்வாமை இருப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேறு கூட்டு மருந்துகள் உண்டு. வீட்டில் மீதியிருக்கும் செஃபலெக்சின், எரித்ரோமைசின் போன்றவற்றை எடுத்துப் போடாதீர்கள். பாஸ்டுரெல்லாவை அவை சரியாகப் பிடிக்காது. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் இரண்டு நாள் போய்விடும், இழப்பு அந்த இரண்டு நாள்தான். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைச் சாப்பாடு தொடங்கும்போது போட்டால் வயிற்றுப்போக்கு குறையும்.

## வழி 3: அட்மிட் ஆவது

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் மற்ற இரண்டு வழிகளையும் யோசிக்கவே வேண்டாம்:

- மூட்டுக்குள், எலும்பில், தசைநாணில் பல் பட்டிருப்பது
- மாத்திரை தொடங்கி ஒரு நாள் முழுதும் ஆகியும் சிவப்பு பரவுவது
- காய்ச்சலோடு குழப்பம், வேகமான மூச்சு, மயக்கம்
- சிவப்புக் கீற்று வேகமாக மேலேறுவது
- கைகால் இறுகிக் கல் போலாகி, விரலை லேசாக நீட்டினாலே தாங்க முடியாத வலி
- சிறு குழந்தைக்குத் தலையிலோ கழுத்திலோ கடி. மெல்லிய மண்டையோட்டைப் பல் துளைத்திருக்கலாம், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் தேவை
- மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல்

விரல் கடிக்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கையை மேசைமேல் உள்ளங்கை மேலாக வையுங்கள். நான்கு விஷயம் பாருங்கள்: விரல் தானாகவே லேசாக மடங்கி நிற்கிறதா, ஒரு மூட்டு மட்டுமில்லாமல் விரல் முழுதும் வீங்கியிருக்கிறதா, விரலின் உள்பக்கம் நடுக்கோட்டை உள்ளங்கை வரை அழுத்தினால் நெடுக வலிக்கிறதா, இன்னொருவர் விரல் நுனியைப் பிடித்து மெதுவாக நீட்டினால் சுள்ளென்று வலிக்கிறதா. இது தசைநாண் உறைக்குள் சீழ் பிடிப்பதன் அடையாளம். நான்கும் சேர்ந்து வரும் வரை காத்திருக்காதீர்கள், ஒன்று தெரிந்தாலே கிளம்புங்கள். இங்கே சில மணி நேரத் தாமதம்கூட விரல் மடங்குவதை நிரந்தரமாகப் பறித்துவிடலாம்.

அட்மிஷனில் நரம்பு வழி ஆன்டிபயாடிக், எக்ஸ்ரே (உடைந்த பல் துண்டு உள்ளே இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்), தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து ஆழமாகக் கழுவுவது ஆகியவை நடக்கும். சீழை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது நாய்க்கடி என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கிருமிகளில் சில மெதுவாக வளரும், தெரியாவிட்டால் மாதிரியைச் சீக்கிரமே தூக்கிப்போட்டுவிடுவார்கள். மூட்டிலோ எலும்பிலோ தொற்று இறங்கியிருந்தால் மருந்து வாரக்கணக்கில் நீளும்.

பாதுகாப்பான வழிதான், ஆனாலும் இழப்பு இல்லாததில்லை. சிம்பு கட்டிய கையின் விரல்கள் அசையாமல் சீக்கிரம் விறைத்துப்போகும். தொற்று அடங்கத் தொடங்கியதும் எந்த விரலை எப்போது அசைக்கலாம் என்று தினமும் கேளுங்கள். ஊசிக்குழாய் செருகிய இடம் சிவந்தால் உடனே சொல்லுங்கள். ரேபிஸ் ஊசியின் மூன்றாம் அல்லது ஏழாம் நாள் அட்மிஷனுக்கு நடுவே வந்து, வார்டில் யாருக்கும் தெரியாமல் கடந்துபோகலாம். அட்டையைத் தலைமாட்டிலேயே வையுங்கள்.

## தையல்: உடனே, தள்ளி, அல்லது இல்லவே இல்லை

திறந்துவிட்ட காயம் அலட்சியமாக விட்ட காயமில்லை. மூடிய தோலுக்கு அடியில் கிருமி சிக்கினால் சீழ் வெளியேற வழியிருக்காது என்பதால்தான் விடுகிறார்கள்.

உடனே தைப்பது முகத்துக்கும், பெரிய கிழிசலுக்கும். தழும்பு குறையும், சீக்கிரம் ஆறும். பதிலுக்குத் தொற்றுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும், மாத்திரை சேரும். இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் கடியில் அதைச் செலுத்தி முடித்த பிறகே, முடிந்தால் சில மணி நேரம் கழித்து, தளர்வாகத் தைக்க வேண்டும். தோலை ஒட்டும் பசை நாய்க்கடிக்கு ஆகாது.

மூன்று முதல் ஐந்து நாள் தள்ளித் தைப்பது அழுக்கான, நசுங்கிய, தாமதமாக வந்த பெரிய காயத்துக்கு. தொற்று இல்லை என்று பார்த்த பிறகு மூடுகிறார்கள். என்னைக் கேட்டால், அவசரத்தில் தைத்துப் பின்னர் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதுவரை தினசரி ஈரக் கட்டு வேண்டும். குறித்த நாளில் நீங்கள் போகத் தவறினால் வாய்ப்பு போய்விடும்.

திறந்தே ஆறவிடுவது துளைக் காயத்துக்கும் பெரும்பாலான கைக் காயத்துக்கும். வாரக்கணக்கில் ஆகும், தழும்பு அகலமாக இருக்கும். உள்ளிருந்து சிவந்த சதை வளர்ந்து மேலே வருவதுதான் நல்ல அறிகுறி. மேலே பொருக்கு கட்டி அடியில் கொழகொழவென்று இருந்தால் காட்டுங்கள்.

## காயம் மூடிய பிறகு

தையல் பிரிப்பது முகத்தில் ஏறக்குறைய ஐந்தாம் நாள், கைகாலில் 10 முதல் 14 நாள், மூட்டின் மேல் இரண்டு வாரம். நரம்பு அறுந்திருந்தால் நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்த நரம்பின் உணர்வு விரல் நுனிக்கு வரப் பல மாதம் ஆகும். தழும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை வெயில் படாமல் மூடுங்கள். முழுதும் மூடிய தழும்பை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டால் அடியோடு ஒட்டாமல் இருக்கும். கெட்ட கனவு, நாய் இருக்கும் தெருவுக்குப் போக மறுப்பது, படுக்கையை நனைப்பது போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் குழந்தையிடம் தொடர்ந்தால் அதையும் காயத்தின் பகுதியாகவே கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காயம் ஆறிய வாரங்களில் அந்த இடத்தில் குறுகுறுப்போ ஊசி குத்துவது போலவோ தோன்றினால் பலர் ரேபிஸோ என்று பதறிவிடுகிறார்கள். காயத்தைக் கழுவி, இம்யூனோகுளோபுலினும் எல்லாத் தவணையும் நேரத்துக்குப் போட்டவருக்கு அது பெரும்பாலும் நரம்பு திரும்ப வளர்வதுதான். ஒரு தவணை விட்டுப்போயிருந்தால் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உடனே போய் விட்ட தவணையைப் போட்டுக்கொண்டு, அடுத்தவற்றை அங்கிருந்து எண்ணலாம். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். முழுதாகப் போட்டவரை இன்னொரு நாள் வேறொரு நாய் கடித்தால், உடம்பு எதிர்ப்புச் சக்தி குறைந்ததாக இல்லாதபட்சத்தில், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை; 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும். ஆனால் அதற்கு அந்த அட்டை கையில் இருக்க வேண்டும்.